ஸ்டுபிட் என்று கூப்பிட உரிமை உள்ளவர்கள்

1

இந்தக் கதை என் மனைவி அழுதபோது தொடங்கியது. அழுது முடித்த பிறகு அல்ல, அழுதுகொண்டிருக்கும்போதே. எழுதுகிறவன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

சாயங்காலம் ஹுமைரா வேலை முடிந்து வந்தாள். பையை வாசலிலேயே போட்டாள். முகம்கூடக் கழுவாமல் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஹெலன் அக்கா என்னெ மேடம்னு கூப்புடறாங்க” என்றாள்.

“சரி. அதுக்கு இன்னா இப்போ?”

“இன்னாவா? திட்டினா கூட பரவால்லங்க. கம்பெனி கேட்டாண்ட நின்னுக்கினு, நான் உள்ள போசொல்லோ ‘குட் மார்னிங் மேடம்’ன்றாங்க. நக்கலா சொன்னா கூட தாங்கிப்பேன். மரியாதையா சொல்றாங்க. அந்த ஹெலன் அக்கா!”

சொல்லிவிட்டு அழுதாள். நான் ஒரு கையை அவள் தோளில் வைத்தேன். இன்னொரு கையில் போன் இருந்தது. அந்தக் கையின் கட்டைவிரல் தானாகவே தட்டிக்கொண்டிருந்தது: ‘திட்டினால்கூடப் பரவாயில்லை, மேடம் என்கிறாள்.’ கதைக்கு நல்ல முதல் வரி என்று மனசு சொன்னது. ஹுமைரா திரும்பிப் பார்த்தாள். திரையைப் படித்தாள். தோளிலிருந்த என் கையை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

கதை பிறந்த கதையை எழுத்தாளர்கள் கொஞ்சம் பெருமையோடு சொல்வார்கள். எனக்குச் சொல்லவே கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மேலே போனால் இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கை தப்பாகிவிடும்.

2

நான் ஷாஹுல். திருவள்ளூரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, ராஜினாமா, மெமோவுக்குப் பதில், மன்னிப்புக் கடிதம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ‘இனிமேல் இதுபோல் நடவாது என உறுதி கூறுகிறேன்’ என்ற வரி என் விரல்களுக்கு மனப்பாடம். அவ்வப்போது சிறு பத்திரிகைகளில் கதை எழுதுவேன். வீடு வேப்பம்பட்டில். ஹுமைராவுக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. காக்களூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கார் கதவுக்கு உள்ளே போய்விடுகிற, யாரும் பார்க்கப்போகாத ஒரு கிளிப்பை அங்கே செய்கிறார்கள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

‘காக்களூர் தொழிற்பேட்டையின் காலைச் சங்கு ஒலித்தபோது, உழைக்கும் பெண்களின் நதியொன்று அந்த இரும்புக் கதவை நோக்கி…’

விட்டுவிட்டேன். அங்கே சங்கு கிடையாது, விரல் வைக்கிற மெஷின்தான். ஹுமைராவை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நதியாகவும் தெரியவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

‘கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலை. அங்கே மாஹிரா என்றொரு பெண்…’

ஊரையும் பேரையும் மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஹுமைரா பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“யாரு இந்த மாஹிரா?”

“நீதான். பேர மாத்திகிறேன்.”

“கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்கறாங்க. அங்க எதுக்கு ஒருத்தி டேபுள்ள குந்திக்கினு கிளிப்புக்குப் பிசிறு எடுக்கறா? எழுதறதுன்னா ஒழுங்கா எழுதுங்க.”

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ‘டம்போ’ என்று, மக்கு என்பதற்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை, சேர்த்திருப்பாள். சேர்க்கவில்லை. அந்த இடத்தில் வெற்றிடம் இருந்தது எனக்குக் கேட்டது. ஏன் சேர்த்திருப்பாள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை நடத்த முடியாது. அதனால் மூன்றாவது தொடக்கமாக ஒரு சின்னக் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

அந்தக் கம்பெனியில் ஒரு நீளமான மேசை இருக்கிறது. மெஷினிலிருந்து விழுகிற கிளிப்புகளின் ஓரத்தில் மெல்லிய பிசிறு இருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி எடுப்பது அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் வேலை. ஹெலன் அக்காதான் அங்கே மூத்தவர். புட்லூரில் வீடு. அவருடைய அப்பா அம்மா காலத்தில் அந்தப் பக்கம் எல்லாம் நிலம். அதில் அவர்கள் கூலிக்கு நடவு நட்டவர்கள்.

ஹுமைரா வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அந்த மேசையில் ஒரு சண்டை நடந்தது. யார் ட்ரேயை யார் எடுத்தார்கள் என்று ஆரம்பித்த சாதாரணச் சண்டைதான். எதிரில் இருந்தவள் வாய் தவறி அல்ல, நன்றாக யோசித்தே, ஹெலன் அக்காவை சாதிப் பேர் சொல்லித் திட்டினாள். [அந்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நானும், தெரியாது என்று நீங்களும் நடிக்க வேண்டாம்.] ஹெலன் அக்கா ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். ‘லேடீஸ் பிரச்சினை, உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கோங்க’ என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஹெலன் அக்கா மேசையில் சட்டம் போட்டார். இதை எனக்குச் சொன்னவள் ஹுமைரா. ஹுமைராவுக்குச் சொன்னவர் பக்கத்து நாற்காலி கங்கம்மா.

“இனிமே இந்த டேபுள்ள எவளாச்சும் எவளையாச்சும் திட்டணும்னா இங்கிலீஷ்ல திட்டு. தமிழ்ல திட்டினா கூடவே ஜாதி வருது, ஆத்தா வர்றா, புருஷன் வர்றான். இங்கிலீஷ்ல ஒருத்தனும் வரமாட்டான். வந்தமா திட்டினமான்னு போய்க்கினே இருக்கலாம்.”

அப்படித்தான் அந்த மேசைக்கு ஸ்டுபிட் வந்தது, இடியட் வந்தது, நான்சென்ஸ் வந்தது, டம்போ வந்தது. சூப்பர்வைசர்கள் வாயிலிருந்தும் டிவியிலிருந்தும் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்தும் பொறுக்கி எடுத்தவை. வந்த பிறகு அவற்றுக்கென்று ஒழுங்கும் வந்துவிட்டது. மென்டல் என்று சொல்லக் கூடாது, கங்கம்மாவின் தம்பி உண்மையிலேயே அதற்கு மாத்திரை சாப்பிடுகிறான். புருஷன் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறவளிடம் யூஸ்லெஸ் கூடாது. முகத்துக்கு நேராகத்தான் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அது நிஜத் திட்டு. புதிதாகச் சேர்ந்தவளை உடனே திட்டிவிட மாட்டார்கள். அதுவரை அவளுக்குப் பேர்தான், கூடவே ஒரு ‘மா’.

ஹுமைரா சேர்ந்த புதிதில் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள். “இன்னிக்கி ஹெலன் அக்கா என்னெ ஸ்டுபிட்னு கூப்டாங்க. சேத்துக்கினாங்கங்க!” என்றாள்.

* ஓரக்குறிப்பு: அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஹுமைரா என்னை ‘நீங்க’ என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. தமிழில் என்னைத் திட்ட அவளுக்கு இடம் இல்லை. ஆங்கிலத்தில் இடம் கிடைத்தது. ‘நீங்க சரியான டம்போங்க’ என்பாள். திட்டையும் ‘ங்க’வையும் ஒரே மூச்சில் சொல்கிற அந்த அழகுக்காகவே நான் வேண்டுமென்று சாவியைத் தொலைத்திருக்கிறேன். இனிமேல் சொல்லப்போகிற சம்பவத்துக்குப் பிறகு வீட்டிலும் அது நின்றுபோயிற்று. டம்போ இல்லாத ‘நீங்க’ கல்யாணம் ஆன புதிதில் இருந்ததைப் போலத் தூரமாக இருக்கிறது.

4

சம்பவம். இதை எந்த அலங்காரமும் இல்லாமல் எழுத முயல்கிறேன்.

ஹுமைராவை லைன் லீடர் ஆக்கினார்கள். அவள் பிளஸ் டூ, கம்ப்யூட்டரில் எண்களைப் போடத் தெரியும். ஹெலன் அக்கா அவளைவிட ரொம்ப காலமாக அங்கே இருக்கிறார், ஆனால் படிப்பு எட்டாவதுதான். மற்றவர்களுக்கு நீலத் தொப்பி, லைன் லீடருக்கு மஞ்சள் தொப்பி. மஞ்சள் தொப்பியை ஹுமைராவின் முக்காட்டுக்கு மேலே வைத்துச் சரிசெய்தவரே ஹெலன் அக்காதான். “ஸ்டுபிட், நேரா போடு, கோணையா கீது” என்றாராம். மேசையே சிரித்ததாம்.

கொஞ்ச நாளில் கஸ்டமர் கம்பெனியிலிருந்து வேலைத் தரத்தை ஆடிட் பண்ண வந்தார்கள். மேனேஜர் சந்திரமோகன் அவர்களை அழைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். ஹுமைரா விளக்கிக்கொண்டிருந்தாள். எப்படிச் சீவுவது, எப்படிச் சரிபார்ப்பது, எதைத் தள்ளுவது. வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். காட்டுவதற்காக ஒரு ட்ரேயை எடுத்தாள். அது முந்தின நாள் தள்ளுபடி செய்த ட்ரே. அதைக் காட்டும் சிவப்பு அட்டை அடியில் மறைந்திருந்தது. அதைக் காட்டியிருந்தால் கம்பெனிக்குப் பெரிய பேஜாராகி இருக்கும், அவளுக்கும்தான்.

கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஹெலன் அக்கா குரல் கொடுத்தார்: “ஏ ஸ்டுபிட், அது இல்ல, பக்கத்து ட்ரே.”

ஹுமைரா ட்ரேயை மாற்றிக்கொண்டாள். வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆடிட் நல்லபடியாக முடிந்தது.

[இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்தேன்: ‘ஹெலன் அக்காவின் அந்த ஸ்டுபிட்டில் துளி பொறாமை இருந்ததோ?’ ஹுமைராவிடம் கேட்டேன். “இருந்தா இருக்கட்டுமே. அவ்ளோ வருசம் குந்திக்கினு இருந்தவங்களுக்கு அது கூடவா இருக்கக் கூடாது?” என்றாள். அடித்த வரியைப் படிக்கும்படியாக விட்டிருக்கிறேன்.]

5

அவர்கள் போன பிறகு சந்திரமோகன் இரண்டு பேரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“கஸ்டமர் எதிர்ல லைன் லீடரை ஸ்டுபிட்னு சொல்றீங்க. இன்னா பேச்சு இது?”

ஹெலன் அக்கா ஹுமைராவைப் பார்த்தார். கவலையே இல்லாமல் பார்த்தார், பதில் அந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற நம்பிக்கையில்.

சந்திரமோகனும் ஹுமைரா பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உங்கள இப்படி கூப்புடறது உங்களுக்கு ஓகேவா?”

ஹுமைரா தரையைப் பார்த்தாள்.

“இல்ல சார்” என்றாள்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஹெலன் அக்காவுக்குக் கிரைண்டிங் ரூம். தள்ளுபடியான கிளிப்புகளை அரைத்துத் தூளாக்குகிற இடம் அது. காதை அடைத்துக்கொண்டுதான் உள்ளே நிற்க முடியும். யாரும் யாரையும் எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட முடியாது. காலையில் கேட்டருகே ஒரு நிமிஷம் மட்டும் இருவரும் எதிரெதிரே வருவார்கள். அப்போதுதான் ‘குட் மார்னிங் மேடம்’.

5 (திருத்தியது)

ஹுமைரா என்னிடம் ஒரு உதவி கேட்டாள். கதை எழுதுவதை நிறுத்தச் சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன். வேறு கேட்டாள்.

“எழுதறதுதான் எழுதறீங்க. நான் அன்னிக்கி சரியா பேசின மாதிரி எழுதுங்க. அச்சடிச்சு வந்ததும் அக்காக்கு ஒண்ணு குடுத்துர்லாம். படிச்சா புரிஞ்சிப்பாங்க. எனக்கு வாயால வராதுங்க.”

ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கடிதம் அடித்துக் கொடுப்பவன். சொந்தப் பெண்டாட்டிக்கு மாட்டேன் என்பேனா? உட்கார்ந்தேன்.

‘ஹுமைரா நிமிர்ந்தாள். “சார், அது எங்களுக்குள்ள பழக்கம். அக்கா என்னெ அப்படித்தான் கூப்புடுவாங்க. நானும் அவங்கள அப்படித்தான் கூப்புடுவேன். அவங்க இன்னிக்கி சொல்லலன்னா ஆடிட்டே போயிருக்கும்” என்றாள். சந்திரமோகன் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்…’

[மேனேஜர்கள் மனம் மாறுவதைக் காட்ட நான் எப்போதும் கண்ணாடியைக் கழற்ற வைப்பேன். சந்திரமோகன் கண்ணாடி போடுவதில்லை.]

ஹுமைரா படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். தாளை மடித்து டிவி பக்கத்தில் வைத்தாள்.

“நல்லாத்தான் கீது” என்றாள். பிறகு, “ஆனா இது வேற யாரோங்க” என்றாள்.

“நீ கேட்டதுதானே?”

“கேட்டேன். படிக்கசொல்லோதான் தெரியுது.” தாளை இன்னும் தள்ளி வைத்தாள். “நான் பயந்துக்கினு ‘இல்ல சார்’னு சொல்லலங்க. அப்படித்தான் உங்களாண்ட சொன்னேன். அது இல்ல. வெளி ஆளுங்க வந்து என் மூஞ்சிய பாத்து கேக்கறாங்க, நான் சொல்றத எழுதிக்கிறாங்க. என் வாழ்க்கைல எவன் நான் பேசறத எழுதிக்கினான்? அப்போ பின்னாடிலேந்து ஸ்டுபிட்டு. எனக்கு சுர்ருனு ஏறிச்சு. ஓகேவான்னு கேட்டாரு. ஓகே இல்லதான். நான் பொய் சொல்லல.”

சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“பொய் சொல்லிருந்தா மன்னிப்பு கேட்டுக்கலாம். உண்மைய சொன்னதுக்கு எப்டிங்க கேக்கறது?”

‘எவன் நான் பேசறத எழுதிக்கினான்’ என்று அவள் சொன்னபோது என் கட்டைவிரல் அசைந்தது. போன் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேன். இப்போது எழுதிவிட்டேன், பாருங்கள்.

6

இனி என்ன செய்வது என்று தெரியாமல் முடிவுகளைத் தேடினேன். கைவிட்டவற்றை இங்கேயே போட்டுவைக்கிறேன்.

ஹுமைரா மஞ்சள் தொப்பியைச் சந்திரமோகன் மேசைமேல் வைத்துவிட்டு, நேராகக் கிரைண்டிங் ரூமுக்குப் போய் ஹெலன் அக்கா பக்கத்தில் நிற்கிறாள். பின்னணியில் இசை. ஹுமைரா படித்துவிட்டு, “சினிமாவா எடுக்கறீங்க? தொப்பிய குடுத்துட்டு ஊட்ல வந்து இன்னா பண்றது?” என்றாள். இதில் எனக்கும் ஒரு அல்பத்தனம் இருந்தது. அவள் தியாகம் செய்தால் என் கதை உயரும். சம்பளம் குறைவது அவளுக்கு, பேர் வாங்குவது நான்.

ஹெலன் அக்கா வேலையை விட்டு நின்றுவிடுகிறார், பஸ் தூசியில் மறைகிறது என்று ஒன்று. இது ஹெலன் அக்காவைத் துரத்திவிட்டு எங்கள் மனச்சாட்சிக்கு வசதி செய்துகொடுப்பது.

பல வருஷம் கழித்து இருவரும் பெரியபாளையம் பஸ்ஸில் சந்தித்து…

இல்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஆரம்பத்திலிருந்து நான் இந்த இரண்டு பெண்களையும் என் இஷ்டத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருத்தியை மனசுக்குள் கோழை என்றேன், ஒருவரைப் பொறாமைக்காரர் என்று எழுதினேன், பிறகு அந்த வரியை அடித்தேன். அவர்கள் என்னைத் திருப்பிக் கூப்பிட வழியே இல்லை. அந்த மேசையின் ஒழுங்குப்படி பார்த்தால் திருப்பிச் சொல்ல முடியாதவரைச் சொல்வதுதான் நிஜத் திட்டு. எழுதுகிறவனுக்கு எப்போதும் மஞ்சள் தொப்பிதான்.

7

ஹெலன் அக்கா கதையில் இதுவரை சரியாகப் பேசவே இல்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நானும் நினைத்தேன். அவரை எப்படிப் பேச வைப்பது என்று யோசித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தபோது அவரே வந்து நின்றார். கற்பனை இல்லை. மகனுடைய மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார்.

“இன்னா பாய், நல்லா கீறீங்களா?”

“நல்லா கீறேங்க்கா. ஒக்காருங்க.”

உட்காரவில்லை. மெஷின் ஓடியது. காகிதத்தைக் கோணலாக வைத்துவிட்டேன், மறுபடி எடுத்தேன்.

“எங்கள வெச்சு கதை எழுதறீங்களாமே. கங்கம்மா சொன்னா.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “சும்மாக்கா… ஏதோ…”

“எழுதுங்க, அதுக்கின்னா. என்னெ கெட்டவளா மட்டும் போட்டுறாதீங்க பாய்.” சிரித்தார். பிறகு தாளை உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: “அவ மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. கூடவே குந்திக்கினு இருந்தமா, ஒரே இதுன்னு நெனச்சுக்கினேன். எனக்குத்தான் எடம் தெரியாம போச்சு. அவ்ளோதான்.”

“அப்படி சொல்லாதீங்கக்கா.”

“இல்ல பாய், நல்லதுதான். இப்போ தெரிஞ்சிகினேன்ல. மேடம் நல்லா இருக்கட்டும். சொல்லிருங்க.”

போய்விட்டார். அவர் கையிலிருந்து ஜெராக்சுக்கு நான் எதுவும் வாங்கவில்லை; அவர் கல்லா பக்கத்தில் காசு வைத்துவிட்டுப் போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஹுமைரா வீட்டுக்காரர் கடையில் அவர் அதுவரை அப்படி வைத்ததில்லை.

‘எடம் தெரியாம போச்சு.’ அவருடைய அப்பாவும் தாத்தாவும் வரப்பின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். ஒரே ஒரு மேசையில், ஊசிமுனை அளவு இடத்தில், அந்தப் பாடத்தை அவர் அழித்திருந்தார். என் மனைவி இரண்டே வார்த்தையில் அதைத் திரும்ப எழுதிவிட்டாள். அவள் மட்டும் என்று சொல்வது நியாயம் இல்லை. நான் அதற்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பத்தியை ஹுமைராவிடம் காட்டவில்லை. வாயால் சொன்னேன். ஹெலன் அக்கா வந்தார், இப்படிச் சொன்னார் என்று ஒரு எழுத்தும் கூட்டாமல் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவது நின்றது.

“எடம் தெரியாம போச்சுன்னா சொன்னாங்க?”

“ஆமா.”

“ஹெலன் அக்காவா?”

“ஆமா.”

கத்தியைக் கழுவி வைத்தாள். “ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு எப்போ ஊட்டுக்கு வருவாங்க?” என்றாள்.

“கதை முடியட்டும், அச்சாகி வந்ததும் குடுக்கலாம்னு…”

“உங்க கதைய நீங்களே வெச்சிக்கோங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் என்னிடமிருந்து ஒரு சுமையை வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. எனக்கு நிம்மதியும் வந்தது, அந்த நிம்மதிக்காக வெட்கமும் வந்தது.

8

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடித்துக் கிளம்பினோம். பாயசம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்டதற்கு, “வெறுங்கையோடதான் போவணும்” என்றாள். வண்டியில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் வாக்கியங்கள் தொடங்கி நின்றன.

“அக்கா, நான் அன்னிக்கி… ம்ஹூம். அக்கா, நீ என்னெ… இல்ல. அக்கா, எனக்கு அன்னிக்கி நெஜமாவே கோவம் வந்துச்சு, ஆனா…”

“இத சொல்லு. நல்லா கீது” என்றேன், தலையைத் திருப்பி.

“ரோட்ட பாருங்க” என்றாள்.

புட்லூரில் கோயிலுக்குப் போகிற கூட்டம் தெருவை அடைத்திருந்தது. சந்துக்குள் திரும்பி ஹெலன் அக்கா வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே நிறுத்தச் சொன்னாள்.

“நீங்க இங்கியே இருங்க.”

“சரி.”

“கேக்கக் கூடாது.”

“கேக்கமாட்டேன்.”

நடந்து போனாள். நான் வண்டியை வந்த பக்கமாகத் திருப்பி நிறுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வீட்டில் போட்டுக்கொள்கிற சாதாரண செருப்பு. தொப்பி இல்லாத தலையில் முக்காட்டை இரண்டு தடவை சரிசெய்தாள். சின்ன இரும்புக் கதவைத் தட்டினாள். ஹெலன் அக்கா சர்ச்சுக்குக் கட்டிப்போன வெள்ளைச் சேலையோடுதான் வெளியே வந்தார். பார்த்தார். ஒரு நொடி முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு கதவை அகலமாகத் திறந்து ஒதுங்கி நின்றார்.

“வாங்க மேடம்” என்றார்.

அவர் குரல் எப்போதும் பெரிசு, நாலு வீடு தள்ளியும் தெளிவாகக் கேட்டது.

ஹுமைரா உள்ளே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அன்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியே. “அக்கா” என்றாள். அதற்கு மேல் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

என் காது அந்தப் பக்கம் நீண்டது. என் கட்டைவிரல் பாக்கெட்டைத் தொட்டது. இந்தக் கதைக்கு வேண்டிய ஒரே வாக்கியம் இதோ வரப்போகிறது. நான் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தேன். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன். பழைய வண்டி, சைலன்ஸர் ஓட்டை. சந்து முழுக்கச் சத்தம். எதிர் வீட்டில் ஒருவர் எட்டிப் பார்த்து, “இன்னாபா, ஆஃப் பண்ணேன்!” என்று கத்தினார். வாயசைவில் புரிந்தது. ஆஃப் பண்ணவில்லை.

பக்கக் கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். ஹெலன் அக்காவின் கை மேலே எழுந்தது. அடிக்கவா, அணைக்கவா, கதவைச் சாத்தவா, கோணலாக இருந்த முக்காட்டைச் சரிசெய்யவா தெரியவில்லை. அவருடைய உதடுகள் ஒரே ஒரு சொல்லுக்காகக் குவியத் தொடங்கின. கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டேன்.

இவ்வளவு தூரம் என் வண்டியில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். அந்தச் சொல் எது என்று நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளலாம், தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என்ன போட்டீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். சொன்னால் எழுதிவிடுவேன்.

நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். வண்டி ஓடிக்கொண்டே இருக்கட்டும்.